பழைய வி.பி. புரோகிராமைப் புது விஷுவல் ஸ்டுடியோவுக்கு மாற்றுவதா, முதலிலிருந்து எழுதுவதா?

கம்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: அவருடைய மாமா 2002 வாக்கில் வி.பி.6-இல் (மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் பேசிக் 6 மொழியில்) எழுதிய ஏலக்காய்க் கடைக் கணக்கு புரோகிராம் ஒன்று கம்பம், போடி கடைகள் சிலவற்றிலும், மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் கடைகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமாவின் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பென்டிரைவில் மிஞ்சிய சோர்ஸை, அதாவது மாமா எழுதிய மூலக் கோடை, 2008 விஷுவல் ஸ்டுடியோவின் கன்வர்ஷன் விஸார்டில் (பழைய கோடைப் புது மொழிக்கு மாற்றித்தரும் கருவி) போட்டு எடுத்து, விண்டோஸ் 11 லேப்டாப்பில் விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் ஓட்டப் பார்க்கிறார். மாதக்கணக்கில் இழுக்கிறது. ஓர் எரரைத் தீர்த்தால் பத்து வருகிறது. 'மூட்டை கட்டிவிட்டு வெப் அப்ளிகேஷனாக முதலிலிருந்து எழுதிவிடலாமா?' என்று முடித்திருக்கிறார். மேலுக்கு இது மாற்றுவதா, புதிதாக எழுதுவதா என்ற கேள்வி. உள்ளே இன்னொன்றும் இருக்கிறது: இத்தனை நாளாகியும் முடியவில்லையே, எனக்குத்தான் வேலை தெரியவில்லையோ?

அந்த இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேலை தெரியும். நீங்கள் அனுப்பியிருக்கும் எரர்களைப் பார்த்தால் நாலு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மொழி வி.பி.6-இலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் புதுத் தளமான டாட்நெட்டுக்கு மாறுகிறது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகிறீர்கள். கணக்கு இருக்கும் ஆக்ஸஸ் ஃபைலை எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற பெரிய டேட்டாபேஸுக்கு மாற்றுகிறீர்கள். பழைய தமிழ் ஃபான்ட்டை யூனிகோடாக்குகிறீர்கள். ஒரு எரர் வந்தால் அது இந்த நாலில் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மலைக்கு இரண்டு பக்கமும் கடைகளுக்கு இந்த மாதிரி மென்பொருள் பார்த்துக்கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. இழுத்துக்கொண்டே போன வேலைகளில் பெரும்பாலும் கோளாறு இந்தக் கலப்பில்தான் இருந்தது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் வைத்துவிடுவோம். வி.பி.6 வந்தது 1998-இல். அதன் எழுதுகருவிக்கு, அதாவது ஐ.டி.இ.க்கு, மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. கன்வர்ஷன் விஸார்ட் விஷுவல் ஸ்டுடியோ 2008 வரை கூடவே வந்தது, 2010-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: ஏற்கெனவே கம்பைல் செய்த, அதாவது எக்ஸி ஃபைலாக்கிய, வி.பி.6 புரோகிராம் ஓடுவதற்கான ரன்டைம் விண்டோஸ் 11-இலும் கூடவே வருகிறது, அந்த விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும்வரை அதற்கும் உண்டு. ஆகவே நாளைக் காலையில் வாடிக்கையாளர் கடையில் எதுவும் நின்றுவிடப் போவதில்லை. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. இது தெரியாமல் பதறுகிறவர்கள்தான் நாலையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

எனவே டாட்நெட்டைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். முதல் வேலை, மாமாவின் சோர்ஸை மாமாவின் சூழலிலேயே மறுபடி கம்பைல் செய்து, கடையில் ஓடும் எக்ஸி ஃபைலும் நீங்கள் எடுத்ததும் ஒரே மாதிரி நடக்கிறதா என்று பார்ப்பது. விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு போலிக் கம்ப்யூட்டர்) 32 பிட் விண்டோஸ் 7 போட்டு, நெட் இணைப்பைத் துண்டித்து, அதில் வி.பி.6, அதற்குமேல் அதன் திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 6. விண்டோஸ் 10, 11-இலும் நிறுவ முடியும். மைக்ரோசாஃப்ட் ஜாவா டி.எல்.எல். பெயரில் ஒரு காலி ஃபைலை விண்டோஸ் ஃபோல்டரில் வைத்து, டேட்டா ஆக்ஸஸ் டிக்கை எடுத்துவிட்டு நிறுவுகிற உபாயத்தை எல்லாரும் கைமாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் விர்ச்சுவல் மெஷினே நல்லது. கெட்டுப்போனால் முன்பு எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இங்கே ஒரு பள்ளம். புராஜெக்டைத் திறக்கும்போது ஏதாவது ஓ.சி.எக்ஸ். (திரையில் வைக்கும் கிரிட் போன்ற கன்ட்ரோலின் ஃபைல்) அந்த மெஷினில் இல்லையென்றால், வி.பி.6 நின்றுவிடாது. அந்த கன்ட்ரோல் இருந்த இடத்தில் சத்தமில்லாமல் ஒரு பிக்சர் பாக்ஸை வைத்துவிட்டு, ஃபார்மின் பெயரிலேயே ஒரு லாக் ஃபைலில் காரணத்தை எழுதிவைக்கும். நீங்கள் மூடும்போது 'சேவ் செய்யட்டுமா' என்று கேட்கும். 'யெஸ்' கொடுத்தால் அந்த கிரிட், அதன் நெடுவரிசை அகலம், செட்டிங் எல்லாம் ஃபார்ம் ஃபைலிலிருந்தே போய்விடும். உங்கள் கேள்வியில் 'லாட் என்ட்ரி ஃபார்மில் கிரிட் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய நிச்சயமாக இதுதான் நடந்திருக்கிறது. பென்டிரைவில் இருக்கும் மூலப் பிரதியைத் தொடாமல் அதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். வேண்டிய ஓ.சி.எக்ஸ். ஃபைல்கள் ஏதாவது ஒரு கடைக் கம்ப்யூட்டரில் கட்டாயம் இருக்கும், இல்லையென்றால் அங்கே புரோகிராம் ஓடாதே. கம்பத்தில் ஒரு கடையில் காப்பி எடுத்து ரெஜிஸ்டர் செய்துகொண்டால் போதும். ஆனால் வெளி நிறுவனம் விற்ற கன்ட்ரோல் என்றால் டிசைன் லைசென்ஸ் இல்லாமல் ஐ.டி.இ.யில் திறக்காது, அந்தத் திரையை மட்டும் மாற்றி எழுத வேண்டிவரலாம்.

கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட்டில் சோர்ஸைப் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் அதில் இரண்டு கோளாறு வரும். ஒன்று, வரி முடிவு. வி.பி.6-க்கு வரி முடிவில் இரண்டு எழுத்தும் வேண்டும். கிட் அதை ஒன்றாகச் சுருக்கிவிட்டால் கிளாஸ் ஃபைலின் தலைப்பு வரிகளைச் சாதாரணக் கோடாக எடுத்துக்கொண்டு உளறும். கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் இந்த வகை ஃபைல்களை மாற்றாதே என்று எழுதிவையுங்கள். இரண்டாவது இதைவிட மோசம். புது எடிட்டர்கள் எல்லா ஃபைலையும் யூனிகோடின் ஒரு வடிவமான யூ.டி.எஃப்-8 என்று நினைத்துத் திறக்கும். மாமா கோடுக்குள்ளேயே பழைய ஃபான்ட்டில் தமிழ்த் தலைப்புகளை எழுதியிருந்தால் அந்த பைட்டுகள் யூ.டி.எஃப்-8 ஆகாது; கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாகத் தெரியும். அப்படியே சேவ் செய்தால் மூல எழுத்து போனது போனதுதான், அன்டூ கிடையாது. கிட்டின் முதல் கமிட்டுக்குப் போய், தமிழ் வரிகள் அப்போதாவது சரியாக இருந்தனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

அடுத்து டேட்டா. பழைய புரோகிராம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே ஆக்ஸஸ் ஃபைலை வைத்திருக்கிறது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அந்த ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுத விடாது. ஆனால் பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாதே என்று, எழுத முயன்றால் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான இடத்தில் ஒரு நகலை உண்டாக்கி, இனி அதிலேயே எழுத வைத்துவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. விஷுவல் ஸ்டுடியோ இன்று உண்டாக்கும் எக்ஸியோடு மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பும் சேர்ந்து வருவதால் அதற்கு இந்தச் சலுகை இல்லை. அது உண்மையான ஃபோல்டரில் இருக்கும் பழைய ஃபைலைத்தான் திறக்கும். 'புது புரோகிராமில் குமுளிக் கடை கணக்கு பல வருடம் முன்னாடியே நின்றுவிட்டது, புதுசாக என்ட்ரி போட்டால் அப்டேட்டபிள் க்வெரி இல்லை என்கிறது' என்று நீங்கள் குழம்பியது இதனால்தான். கணக்கு தொலையவில்லை. ஒரே கம்ப்யூட்டரில் முதலாளி ஒரு லாகின், கணக்குப்பிள்ளை ஒரு லாகின் வைத்திருந்தால், இரண்டு பேருக்கும் தனித்தனி நகல் இருக்கும். எதில் எந்த நாள் வரை இருக்கிறது என்று பார்த்துச் சேர்ப்பதை ஒவ்வொரு கடையிலும் நேரில் போய்த்தான் செய்ய முடியும்.

ஆக்ஸஸைத் திறக்கும் ஜெட் 4.0 புரொவைடர் 32 பிட்டில் மட்டுமே உண்டு. புராஜெக்டை 'எனி சி.பி.யூ.' என்ற செட்டிங்கில் விட்டால் 64 பிட்டாக ஓடி, 'புரொவைடர் ரெஜிஸ்டர் ஆகவில்லை' என்கும். எக்ஸ்86 என்று மாற்றினால் தீர்ந்தது. அதோடு விஷுவல் ஸ்டுடியோ 2022-தான் முதல் 64 பிட் பதிப்பு. 32 பிட் ஓ.சி.எக்ஸ். வைத்த ஃபார்ம்கள் அதன் டிசைனரில் நேரடியாகத் திறக்காமல் அடம்பிடிக்கும். 2019 பதிப்பு 32 பிட், அதில் திறக்கும். இடைக்காலத்துக்கு 2019-ஐ வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு சின்ன விஷயம்: உங்கள் புது லேப்டாப்பில் ரீஜியன் அமெரிக்கா என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேதி, மாதம் இடம் மாறும். அதுவும் 12-ஆம் தேதி வரைதான் இப்படிச் சத்தமில்லாமல் இடம் மாறும், எனவே மாதக் கடைசியில் டெஸ்ட் செய்தால் கண்ணில் படாது.

எழுத்துருவுக்கு வருவோம். இதில்தான் எல்லையோரத்துப் புரோகிராமுக்கென்றே தனித் தலைவலி இருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) என்று ஒன்று இருந்ததே இல்லை. எனவே வி.பி.6 திரையில் தமிழ் காட்ட ஃபான்ட்டை மட்டும் மாற்றி, உள்ளே ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளையே வைத்தார்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்ற டாம், டாப் முறைகள் இருந்தன, திஸ்கி இருந்தது, பாமினி இருந்தது. 2010-இல் அரசு யூனிகோடுக்கும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டுக்கும் மாறியது. மாமாவின் புரோகிராம் மாறவில்லை. எந்த முறை என்று முதலில் கண்டுபிடியுங்கள். டேட்டாவை சாதாரண ஃபான்ட்டில் பார்த்தால் சுத்தமான ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி, மேல்தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தால் மற்றவை. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. எனவே மாற்றி முடிக்கும்வரை அந்தப் பெயர்களைப் பெரிய எழுத்தாக்குவதோ, சின்னது பெரிது பார்க்காமல் ஒப்பிட்டு 'டூப்ளிகேட்' என்று நீக்குவதோ கூடாது. எஸ்.க்யூ.எல். சர்வரின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) சின்னது பெரிது பார்க்காது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு மாற்றினால் பாதிதான் சரியாகும். பழைய முறைகளில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு, 'க', கால் என்று மூன்றாகக் கிடக்கும். யூனிகோடில் 'க' முன்னால், ஒகரக் குறி பின்னால் ஒன்றாக. கொம்பைத் தூக்கிப் பின்னால் போட்டு, காலோடு சேர்க்க வேண்டும், ஐகாரமும் அப்படியே. 'பொன்னையா', 'கோவிந்தன்', 'சௌந்தரம்' மாதிரிப் பெயர்களை முதலில் சோதியுங்கள், இவை வந்துவிட்டால் மற்றது வந்துவிடும். டாட்நெட்டின் புதுப் பதிப்புகளில் ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252 கோட்பேஜ் தானாக இருக்காது, கோட்பேஜ் புரொவைடரை ரெஜிஸ்டர் செய்ய வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் 'உலக மொழிகளுக்கு யூ.டி.எஃப்-8' என்ற பீட்டா டிக்கை யாராவது போட்டிருந்தால் பழைய புரோகிராமில் எழுத்து சிதறும்; டிக்கை எடுத்தால் சரி.

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளம். தோட்டக்காரர் பெயர்களை அங்கே எம்.எல்.-டி.டி. கார்த்திகா போன்ற ஐ.எஸ்.எம். ஃபான்ட்டுகளில் அடித்திருப்பார்கள், அதுவும் உள்ளே ஆங்கில எழுத்துதான். ஒரே டேபிளில், ஒரே நெடுவரிசையில், சில வரி தமிழ் ஃபான்ட், சில வரி மலையாள ஃபான்ட் என்றால் எந்த வரி எது என்று மெஷினுக்குத் தெரிய வழியில்லை. கடையை வைத்துப் பிரிக்கலாம், குமுளியில் அதுவும் சரிவராது, அங்கே ஒரே கடையில் இரண்டும் இருக்கும். அந்தப் பட்டியலை அச்சிட்டு, கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வதே வேகமான வழி. மலையாளத்தில் இன்னொரு சிக்கல் சில்லெழுத்து, அதாவது உயிர் சேராமல் நிற்கும் மெய்க்கான தனி வடிவம். 2008-இல் வந்த யூனிகோட் 5.1-க்கு முன்பு சில்லெழுத்தை மெய்யும் சந்திரக்கலையும் (நம் புள்ளி மாதிரி) கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பியுமாக எழுதினார்கள். அதற்குப் பிறகு தனி எழுத்தாகவே உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்காது. மலையாள ஆண்பெயர்களில் 'ன்' என்று முடிகிறவை எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். டேட்டா உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் புது வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி தராசு. மற்ற எதில் தப்பினாலும் திருத்திக்கொள்ளலாம், இதில் தப்பினால் பணம். எலெக்ட்ரானிக் தராசு சீரியல் போர்ட் வழியாக எடையை வரி வரியாக விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிலையான எடை என்று ஓர் அடையாளம், பிறகு 48.350, பிறகு கே.ஜி., பிறகு வரி முடிவு என்ற மாதிரி. கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் மாறும். டாட்நெட்டின் சீரியல் போர்ட்டில் 'டேட்டா வந்துவிட்டது' என்று ஈவென்ட் அடிக்கும்போது முழு வரியும் வந்திருக்கும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. '4' வரை வந்ததும் ஒரு தடவை அடிக்கும், மிச்சம் '8.350' வந்ததும் இன்னொரு தடவை. கன்வர்ட் செய்த கோட் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு மூட்டையில் 40 கிலோ காணாமல் போகும். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 80,000 ரூபாய். உங்கள் மேஜையில் டெஸ்ட் செய்யும்போது இது நடக்காது, சீசனில் கடை நெரிசலில் நடக்கும். வந்ததையெல்லாம் ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவு வந்த பிறகு முழு வரியை மட்டும் எடுங்கள். நிலை அடையாளம் இல்லாத வரியை ஒதுக்குங்கள். அடுத்தடுத்து மூன்று வரி ஒரே எடை காட்டினால்தான் பில்லில் ஏற வேண்டும்.

அந்த ஈவென்ட் வேறு த்ரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை) வருவதால் டெக்ஸ்ட் பாக்ஸை நேரடியாகத் தொட்டால் எரர் வரும், இன்வோக் போட வேண்டும். இதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பழைய ஃபார்மில் டி.டி.ஆர்., ஆர்.டி.எஸ். (தராசுக்குத் தயார் என்று காட்டும் சிக்னல்கள்) செட்டிங் என்ன இருந்தது என்று பார்த்து அதையே புதிதிலும் போடுங்கள், டாட்நெட்டில் இரண்டுமே ஃபால்ஸ் என்றுதான் தொடங்கும். சில தராசு டி.டி.ஆர். இல்லாமல் வாயே திறக்காது. யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் கேபிளை வேறு ஓட்டையில் சொருகினால் போர்ட் எண் மாறும். வி.பி.6-இல் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பழைய எம்.எஸ்.காம் கன்ட்ரோலுக்கு 16-க்கு மேல் எண் தெரியாது. வண்டன்மேட்டுக் கடையில் 'திடீரென்று தராசு பேசவில்லை' என்றால் முதலில் டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பாருங்கள்.

ரூபாய் முழுமையாக்குவதில் வரும் ஒரு ரூபாய் வித்தியாசத்தைக் கேட்டிருந்தீர்கள். அது பக் இல்லை. வி.பி.6-இன் ரவுண்ட், சரிபாதியாக வந்தால் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்: 4,812.50 என்றால் 4,812, 4,813.50 என்றால் 4,814. எஸ்.க்யூ.எல். சர்வரின் ரவுண்ட் இரண்டையும் மேலே தள்ளும், முதலாவது 4,813 ஆகிவிடும். அதே வி.பி.6-இல் ஃபார்மேட் ஃபங்ஷனும் மேலேதான் தள்ளும், எனவே மாமா பில்லில் ஒன்றும் லெட்ஜரில் இன்னொன்றும் பயன்படுத்தியிருந்தால் பழைய புரோகிராமிலேயே ஒரு ரூபாய் இடித்திருக்கும், கணக்குப்பிள்ளை அதை 'ரவுண்ட் ஆஃப்' என்று எழுதித் தள்ளியிருப்பார். எது கணிதப்படி சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். முதல் பதிப்பில் பழையது எப்படி வந்ததோ அப்படியே வரட்டும். முதலாளி பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரு ரூபாய் மாறினால் மொத்த புரோகிராம்மேலும் நம்பிக்கை போகும்.

'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' (எரர் வந்தாலும் அடுத்த வரிக்குப் போ என்ற கட்டளை) கோடெங்கும் இருப்பதாகத் திட்டியிருக்கிறீர்கள். திட்டலாம், ஆனால் எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படியுங்கள். லாட் வரிசையில் ஒரு கிரேடுக்கு ரேட் கிடைக்கவில்லை என்றால் அந்த வரி எரர் ஆகித் தாண்டிப்போகும்; வேரியபிளில் முந்தைய லாட்டின் ரேட் அப்படியே நிற்கும்; பில் அதே ரேட்டில் விழும். கடைக்காரர்கள் 'ஒரே ரேட் என்றால் முதல் வரியில் மட்டும் அடித்தால் போதும்' என்று பழகியிருப்பார்கள். நீங்கள் அதை ட்ரை-கேட்ச் என்ற புது எரர் முறைக்கு மாற்றினால் எரர் வந்த இடத்திலிருந்து பிளாக்கின் மிச்ச வரிகள் எல்லாம் ஓடாது, லாட்டே பில்லில் வராது. ஏ.ஐ.யிடம் கொடுத்து சி ஷார்ப் மொழிக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வரிக்கு வரி மாற்றுவதில் அது கெட்டிக்காரத்தனமாகவே செய்யும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த மாதிரி இடத்தில்தான் அது கோடை 'அழகாக்கி' நடத்தையை மாற்றிவிடும், கேட்டால்கூடச் சில சமயம் மாற்றவில்லை என்று சொல்லும். டாட்நெட் வி.பி.யிலும் ரெஸ்யூம் நெக்ஸ்ட் உண்டு. முதல் சுற்றுக்கு வி.பி.யிலேயே இருங்கள், சி ஷார்ப் பிறகு.

வரிக் கோடைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கேரளாவில் வாட் வரி வந்தது 2005 ஏப்ரலில், தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில். 2017 ஜூலை 1 முதல் இரண்டு பக்கமும் ஜி.எஸ்.டி. அதனால்தான் மாமாவின் கோடில் ஒரே கணக்கு மூன்று நாலு விதமாக, மாநிலம் பார்த்து, தேதி பார்த்துப் பிரிகிறது. புதிதில் இவ்வளவும் வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. மட்டும் போதும்: மாநில எண் 33 தமிழ்நாடு, 32 கேரளா, விற்பவரும் சரக்கு சேரும் இடமும் ஒரே மாநிலம் என்றால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், மாறினால் ஐ.ஜி.எஸ்.டி. வாட் காலத்துக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த விர்ச்சுவல் மெஷினில் பழைய புரோகிராமைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கடைக்காவது பழைய வரி வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று மட்டும் அவர்களுடைய ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பிரின்டர் சின்ன விஷயமாகத் தெரியும். பழையது டாட் மேட்ரிக்ஸுக்கு எல்.பி.டி. என்ற பிரின்டர் போர்ட்டில் நேரடியாக எழுத்தை அனுப்பியது, கார்பன் வைத்து இரண்டு காப்பி சரசரவென்று விழும். டாட்நெட்டின் பிரின்ட் டாக்குமென்ட் அதே பில்லைப் படமாக வரைந்து அனுப்பும். ஒரு பில்லுக்குக் கடைக்காரர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். ஆங்கிலப் பில் என்றால் விண்டோஸின் அச்சு வரிசையான ஸ்பூலருக்கு ரா டேட்டாவாக, வெறும் எழுத்தாக, அனுப்புங்கள், பழைய வேகம் வரும். தமிழ், மலையாளப் பெயர் பில்லில் வேண்டும் என்றால் படமாகத்தான் போக வேண்டும், அங்கே லேசருக்கு மாறச் சொல்லுங்கள். என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போவது, எஃப் கீகள், கிரிட்டில் கர்சர் நிற்கும் இடம், இவற்றில் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். விரல் பழக்கத்தில் ஓடுகிற வேலை அது. கணக்குப்பிள்ளை மவுஸைத் தேட ஆரம்பித்தால் அன்றைக்கே பழைய புரோகிராமுக்குத் திரும்பிவிடுவார்.

ஆக, முதலிலிருந்து வெப்பில் எழுதலாமா? என் அபிப்பிராயம், இப்போது வேண்டாம். மேலே சொன்னதில் முக்கால்வாசி எந்த டாக்குமென்ட்டிலும் கிடையாது, மாமாவின் கோடில் மட்டும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் புதிதாக எழுதினால் ஒவ்வொன்றையும் கடைக்காரர் திட்டித்தான் கண்டுபிடிப்பீர்கள். தராசையும் டாட் மேட்ரிக்ஸையும் பிரவுசரிலிருந்து பேச வைப்பது தனி வேலை. மழைக்காலத்தில் மலையில் நெட் போனால் கடை நிற்கவும் கூடாது. இது நிலைமை மாறாது என்று சொல்வதாகாது. அடுத்த தலைமுறை முதலாளிகள் போனில் கணக்கு கேட்கிறார்கள், போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. என்றைக்கானாலும் வெப் வரும். அதற்கு முன் டேட்டா யூனிகோடில் சுத்தமாக இருந்தால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரி.

நான் செய்வதாக இருந்தால்: பழையதை விர்ச்சுவல் மெஷினில் அப்படியே கம்பைல் செய்வேன். பிறகு வி.பி.6-இல் எதையும் தொடாமல், டாட்நெட்டில் ரிப்போர்ட்டுகளை மட்டும் தனி எக்ஸியாக, அதே ஆக்ஸஸ் ஃபைலைப் படிக்கும்படி எழுதுவேன். படிப்பது மட்டும் என்பதால் தப்பினாலும் சேதமில்லை, ரவுண்டிங், எழுத்துரு, தேதி மூன்றும் அதில் வெளிப்பட்டுவிடும். அது பழைய ரிப்போர்ட்டோடு பைசா பிசகாமல் ஒத்துவந்த பிறகு என்ட்ரி திரைகள், கடைசியாகத் தராசு, அதற்கும் பிறகு எஸ்.க்யூ.எல். சர்வர். எத்தனை மாதம் ஆகும் என்று உங்கள் சோர்ஸைப் பார்க்காமல் நான் சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு.

கடையில் ஏற்றுவதற்கு மார்ச் கணக்கு முடித்த பிறகு, காய் வரத்து குறைந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடையாகக் கம்பத்தில் ஒன்று, தமிழ் மட்டும் பயன்படுத்தும் கடை, நீங்கள் பைக்கில் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் கடை. குமுளியைக் கடைசியில் வையுங்கள். இரண்டு புரோகிராமிலும் ஒரே என்ட்ரியை ஒரு மாதம் போட கணக்குப்பிள்ளை சம்மதிக்க மாட்டார், அந்த வேலையைச் செய்ய சாயங்காலம் நீங்கள்தான் போய் உட்கார வேண்டும்.